ஏ.ஏ. கூட்டத்தைக் கண்டுபிடிப்பதும் போய் உட்காருவதும்: முழுமையான வழிகாட்டி

மாலை போட்டு 48 நாள் ஒரு சொட்டுகூடத் தொடாமல் இருந்தவர், மாலையைக் கழற்றிய இரவே கடைக்குப் போவதை நம் ஊரில் பார்க்காதவர் குறைவு. அவருக்கு மன உறுதி இல்லை என்று சொல்லிவிட முடியாது. 48 நாள் இருந்து காட்டியவர் அவர். அந்த நாட்களில் அவரைச் சுற்றி ஓர் ஏற்பாடு இருந்தது: விடிகாலைக் குளியல், மாலையில் பூஜை, "சாமி" என்று கூப்பிடும் கூட்டாளிகள், சேர்ந்து விரதம் இருக்கும் வீடு. மாலை இறங்கியதும் அத்தனையும் சேர்ந்து இறங்கிவிடுகிறது. ஏ.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தருவது, கழற்றி வைக்கத் தேவையில்லாத அப்படியோர் ஏற்பாடு.

1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரோடு ஒருவர் பேசிப் பேசியே குடிக்காமல் இருக்க முடியும் என்று கண்டதில் இது தொடங்கியது. இந்தியாவுக்கு 1957-ல் வந்தது. பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: 27 ஆய்வுகளையும் 10,565 பேரின் விவரங்களையும் அலசிய, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020-ஆம் ஆண்டு ஆய்வறிக்கை, தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் ஏ.ஏ. வழி மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேலாகவே இருப்பதாகச் சொன்னது. ஆனால் நம் நாட்டில் 2019-ல் வெளியான தேசிய அளவிலான கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சையோ உதவியோ கிடைக்கிறது. வழி தெரியாததும், முதல் நாள் வாசலில் நிற்கும் கூச்சமும் அதற்கு ஒரு பெரிய காரணம். இந்தக் கட்டுரை அந்த இரண்டுக்காக.

கூட்டத்துக்கு முன்னால் டாக்டரா?

சிலருக்கு ஆமாம். இதைத் தவறவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால் முதலில் சொல்லிவிடுகிறோம்.

180 மி.லி. குவார்ட்டர் பிராந்தியில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. தினமும் ஒன்றோ அதற்கு மேலோ குடித்துப் பழகிய உடம்பு, சட்டென்று நிறுத்தினால் சும்மா இருக்காது. காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா, ஒரு கட்டிங் போட்டால்தான் நடுக்கம் நிற்கிறதா, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, இல்லாத பூச்சி பாம்பு கண்ணுக்குத் தெரிந்ததா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் வீட்டிலேயே நிறுத்த முயலாதீர்கள். கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மனக்குழப்பம், உளறல், காய்ச்சல், கடும் வியர்வை என்று நிலைமை மோசமாகலாம். இப்படி ஏதாவது தெரிந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். எலுமிச்சைச் சாறும் மோரும் கொடுத்துப் படுக்க வைப்பதும், மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் இதற்கு மருந்தல்ல. மாலை போடும் நாளில் ஒரே வீச்சில் நிறுத்துகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இதற்கு சிகிச்சை உண்டு. 2025-ல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்களைத் தொடங்கியிருக்கிறது. சென்னை இந்திரா நகரில் இருக்கும், 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இந்தத் துறையில் மூத்தது. உடம்பிலிருந்து மதுவை இறக்கும் கட்டம் பெரும்பாலும் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். அந்த வாரத்திலேயே கூட்டத்தைத் தேடி வைத்துவிடுங்கள். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகு தேடிக்கொள்ளலாம் என்று விட்டால், நடுவில் இருக்கும் நான்கைந்து நாட்களில் பழைய கால்கள் பழைய வழியில் போய்விடும்.

எங்கே கேட்பது

நம்பகமான வழி, மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இருக்கும் ஆலோசகரிடமோ சமூகப் பணியாளரிடமோ கேட்பது. பல ஊர்களில் ஏ.ஏ. உறுப்பினர்களே வார்டுக்கு வந்து பேசிவிட்டுப் போவதால், எந்தக் குழு இப்போது உண்மையில் நடக்கிறது என்பது இவர்களுக்குத் தெரியும். நீங்கள் அங்கே நோயாளியாக இருக்க வேண்டும் என்பதில்லை. புறநோயாளிப் பிரிவில் போய்க் கேட்டாலே போதும்.

அடுத்தது தொலைபேசி. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநலத்துக்கான டெலி மனஸ் எண் 14416, இதில் தமிழில் எந்நேரமும் பேசலாம். தமிழக அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-லும் கேட்கலாம். மூன்றும் இலவசம். ஏ.ஏ.வின் இந்தியத் தலைமை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அதன் இணையதளத்தில் ஊர்வாரியாகக் குழுக்களும் தொடர்பு எண்களும் உண்டு.

இணையத்தில் கிடைக்கும் பட்டியலை மட்டும் நம்பி நேரே போய்விட வேண்டாம். முதல் முயற்சி வீணாவது அதிகமும் இங்கேதான். குழுக்களுக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. சர்ச் வளாகத்திலோ பள்ளி வகுப்பறையிலோ ஒரு அறையைக் கேட்டு வாங்கி நடத்துகிறார்கள். பள்ளியில் பரீட்சை, சர்ச்சில் திருவிழா என்றால் அன்றைக்கு இடம் மாறும். மூன்று வருடப் பழைய பட்டியலை வைத்துக்கொண்டு பூட்டிய கேட்டுக்கு முன்னால் நிற்கும் புது ஆள், திரும்பிப் போகிற வழியில் எங்கே நிற்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே போகும் நாளன்று மதியம் தொடர்பு எண்ணுக்கு ஒரு முறை பேசுங்கள். பேச வேண்டியது இவ்வளவுதான்: "ஏ.ஏ. மீட்டிங்குக்குப் புதுசா வரணும். இன்னிக்கு நடக்குதா? எத்தனை மணிக்கு? தமிழ்லதானே? எந்த ஸ்டாப்ல இறங்கணும், எந்த கேட், எத்தனாவது மாடி?" பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டாம். எதிர்முனையில் இருப்பவரும் ஒரு காலத்தில் இதே கேள்விகளைக் கேட்டவர்தான். பல நேரம் "ஸ்டாப்புக்கு நானே வந்து நிக்கிறேன் சார்" என்பார். வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அறைக்குள் தனியாக நுழைவதைவிட ஒருவரோடு நுழைவது பத்து மடங்கு எளிது.

திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மூடியது என்றால் குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். திறந்த கூட்டத்தில் மனைவி, அண்ணன், நண்பர் யாரும் கூட வந்து உட்காரலாம். தனியாகப் போகத் தயங்குகிறவர்களுக்குத் திறந்த கூட்டம் நல்ல தொடக்கம்.

நான்கைந்து குழுக்கள் இருந்தால்

சென்னை மாதிரி ஊரில் நாளொரு குழு கிடைக்கும். வீட்டுக்குப் பக்கத்தில் எது என்று பார்த்துத்தான் எல்லோரும் தேர்ந்தெடுக்கிறார்கள். எங்கள் கருத்து வேறு: உங்கள் கை பாட்டிலைத் தேடும் நேரத்தில் எந்தக் கூட்டம் நடக்கிறதோ, அதுதான் உங்கள் கூட்டம், அரை மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டியிருந்தாலும்.

ஒரு தாளை எடுத்து, கடந்த ஒரு மாதத்தில் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, யாரோடு, எந்தக் கடையில் குடித்தீர்கள் என்று எழுதிப் பாருங்கள். சம்பளம் சனிக்கிழமை கைக்கு வருகிறவருக்கு சனி மாலை ஆறு மணி ஒரு கண்டம். ஐ.டி.யில் வேலை பார்ப்பவருக்கு அது வெள்ளி இரவாக இருக்கலாம். கடையடைத்துவிட்டு வீடு திரும்பும் வியாபாரிக்கு ஒன்பதரை மணியாக இருக்கும். ஏ.ஏ. கூட்டங்கள் பெரும்பாலும் மாலையில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் நடக்கும். போக அரை மணி, வர அரை மணி, முடிந்ததும் நின்று பேசக் கால் மணி என்று வைத்தால், ஆபத்தான மாலை முழுக்க அதிலேயே கழிந்துவிடும். தூரத்துக் கூட்டம் இந்த வகையில் லாபம். ஒன்பதரை மணிக்காரருக்கும் அப்படித்தான்: கூட்டம் முடிந்து சக உறுப்பினர் ஒருவரோடு சேர்ந்து வீடு திரும்பினால் அந்த நேரம் தாண்டிவிடும்.

போகும் வழியையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். வழக்கமான டாஸ்மாக் குறுக்கிடாத தெரு, கையில் பஸ் காசுக்கு மேல் கொஞ்சம் மட்டும், வயிற்றுக்கு ஏதாவது. காலி வயிறும் கோபமும் தனிமையும் களைப்பும்தான் குடிக்க வைக்கும் நான்கு நிலைகள் என்று கூட்டங்களில் அடிக்கடி சொல்வார்கள். அவற்றில் பசியைத் தீர்க்க இரண்டு இட்லி போதும்.

முதல் மூன்று மாதம் எவ்வளவு முடியுமோ அவ்வளவு போங்கள். "90 நாளில் 90 கூட்டம்" என்பது ஏ.ஏ.வில் பழைய சொல். சிறிய ஊரில் வாரம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். மற்ற நாட்களுக்கு இணையவழிக் கூட்டங்கள் உண்டு, தமிழிலும் உண்டு. கேமராவை அணைத்து வைத்துக்கொண்டு கேட்கலாம். ஆனால் அறையில் உட்காருவதற்கு அது ஈடாகாது, கிடைக்காத நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் அறைக்குள்

பத்து நிமிடம் முன்னால் போய்விடுங்கள். தாமதமாகப் போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற பயமே பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிடும். வெளியில் பெரிய போர்டு இருக்காது. சிறிய அட்டையில் "ஏ.ஏ." என்றோ, வட்டத்துக்குள் முக்கோணம் போட்ட ஒரு குறியோ இருக்கும். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேஜை, சுவரில் குடியிலிருந்து மீள ஏ.ஏ. காட்டும் பன்னிரண்டு படிகள் எழுதிய தாள், மூலையில் டீ ஃபிளாஸ்க். பத்துப் பதினைந்து பேர் இருக்கலாம், நாலே பேரும் இருக்கலாம்.

பதிவேடு கிடையாது. ஆதார் கேட்க மாட்டார்கள். முகவரி, வேலை, சாதி, சம்பளம் எதுவும் கேட்க மாட்டார்கள். உறுப்பினராக ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. கட்டணமும் இல்லை. நடுவில் ஒரு பையோ டப்பாவோ சுற்றி வரும். உறுப்பினர்கள் பத்தோ இருபதோ போடுவார்கள். அறை வாடகைக்கும் டீக்கும் அது. புதிதாக வந்தவர் போடாமல் அடுத்தவரிடம் நகர்த்தினால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். ஏ.ஏ. பெயரைச் சொல்லி யாராவது சேர்க்கைக் கட்டணம் கேட்டால், அது ஏ.ஏ. இல்லை.

கூட்டத்தை நடத்துகிறவர் ஓர் அறிமுக உரையைப் படிப்பார். ஒரு பகுதியை யாராவது வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக ஷேரிங். "வணக்கம், என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கி, தான் குடித்த காலம், என்ன நடந்தது, இன்றைக்கு எப்படி என்று பேசுவார்கள். மற்றவர்கள் குறுக்கே பேச மாட்டார்கள், அறிவுரை சொல்ல மாட்டார்கள், பதில் சொல்ல மாட்டார்கள். நம் ஊர்ப் பேச்சுப் பழக்கத்துக்கு இது விசித்திரமாக இருக்கும். ஆனால் பல வருடமாக மாமனார், மேனேஜர், பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லோரிடமும் அறிவுரை வாங்கிய ஒருவருக்கு, யாருமே அறிவுரை சொல்லாத ஓர் அறை எவ்வளவு பெரிய நிம்மதி என்பது உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

உங்கள் முறை வரும்போது பேசியே ஆக வேண்டும் என்பதில்லை. "என் பெயர் இன்னது. இன்னிக்குக் கேட்க மட்டும் வந்தேன்" என்றால் போதும். 'குடிநோயாளி' என்ற சொல் வாயில் வரவில்லை என்றால் சொல்ல வேண்டாம். குடித்துவிட்டு வந்தாலும் பொதுவாக உட்கார விடுவார்கள். அன்றைக்குப் பேசாமல் கேட்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று, மாற்ற முடியாததை ஏற்கும் மன அமைதியைக் கேட்கும் ஒரு சிறிய பிரார்த்தனையைச் சொல்வார்கள். சேர்ந்து சொல்லலாம், சும்மாவும் நிற்கலாம்.

கேட்கும்போது ஒரு பொறி இருக்கிறது. ஒருவர் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்ததைச் சொல்வார், இன்னொருவர் பிளாட்பாரத்தில் கிடந்ததைச் சொல்வார். "நான் அவ்வளவு மோசமில்லையே" என்று மனசு கணக்குப் போடும். முதல் கூட்டத்தோடு நின்றுபோகிற பலர் இந்தக் கணக்கில்தான் நிற்கிறார்கள். சம்பவங்களை விட்டுவிட்டு, அவர் குடித்த விதத்தையும் மறைத்த விதத்தையும் கேளுங்கள்: ஒளித்து வைத்த பாட்டில், "இன்றோடு கடைசி" என்ற வாக்கு, பிள்ளை தலையில் அடித்துச் செய்த சத்தியம். அங்கேதான் உங்கள் கதை இருக்கும்.

சர்ச்சில் நடப்பதால் இது கிறிஸ்தவ அமைப்போ என்ற தயக்கம் பலருக்கு உண்டு. இல்லை. இடம் அவர்கள் தருவது, அவ்வளவே. படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது, "நாம் புரிந்துகொண்டபடியான" என்ற அடைமொழியோடு. முருகனையோ அல்லாவையோ நினைப்பவர்கள் அப்படியே நினைத்துக்கொள்கிறார்கள், கடவுள் மறுப்பாளர்கள் அந்தக் குழுவையே தம்மைவிடப் பெரிய சக்தியாக வைத்துக்கொள்கிறார்கள். இதுவும் ஒத்துவரவில்லை என்றால், 1994-ல் தொடங்கிய ஸ்மார்ட் ரெக்கவரி என்ற மதச்சார்பற்ற வழி இணையத்தில் இருக்கிறது.

முடிந்த பிறகு ஓடிவிடாதீர்கள்

உண்மையான வேலை டீ குடிக்கும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் நடக்கிறது. இரண்டு மூன்று பேரிடம் செல்போன் எண் வாங்குங்கள். வாங்கிய எண்ணுக்கு அடுத்த நாளே, ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு போன் போடுங்கள். "சும்மாதான் கூப்பிட்டேன்" என்று பழகியிருந்தால்தான், இரவு ஒன்பது மணிக்குக் கடை வாசலில் நிற்கும்போது அதே எண்ணை அழுத்த விரல் வரும். பழகாத எண்ணை அந்த நேரத்தில் யாரும் அழுத்துவதில்லை.

ஒரு குழுவை ஒரே கூட்டத்தில் எடை போட வேண்டாம். ஆறு முறை போங்கள். பிடிக்கவில்லை என்றால் வேறு குழுவுக்கு ஆறு முறை. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குணம் உண்டு. ஒரு மாதம் கழித்து, ஸ்பான்சராக, அதாவது உங்களுக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினராக இருக்க ஒருவரைக் கேளுங்கள்: குறைந்தது ஒரு வருடமாவது குடிக்காமல் இருப்பவர், உங்கள் பாலினத்தவர், பேச்சைவிட நடத்தை உங்களுக்குப் பிடித்தவர். அவர் படிகளை உங்களோடு சேர்ந்து நடப்பார். கடன் கொடுப்பது, வேலை வாங்கித் தருவது, குடும்பப் பஞ்சாயத்து பேசுவது அவர் வேலையல்ல. பணம் கொடுக்கல் வாங்கல் நுழைந்த இடத்தில் இந்த உறவு கெட்டுப்போகும்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் யார் சொல்வதையும் கேட்காதீர்கள். "மாத்திரையும் ஒரு போதைதான், நிறுத்திடுங்க" என்று உற்சாகத்தில் சொல்பவர் எந்தக் குழுவிலும் ஒருவர் இருப்பார். உறுப்பினர் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்பதே ஏ.ஏ.வின் நிலைப்பாடு. மனச்சோர்வுக்கோ வலிப்புக்கோ குடி ஆசையைக் குறைக்கவோ டாக்டர் எழுதிய மருந்தை, அவர் சொல்லும் வரை தொடருங்கள்.

பெண்கள்

குடிக்கும் பெண்கள் நம் ஊரில் இரட்டைப் பூட்டுக்குள் இருக்கிறார்கள். கூட்டத்தில் ஒரே பெண்ணாக உட்கார வேண்டி வருமோ என்ற அச்சம் நியாயமானது, சிறிய ஊர்களில் அப்படி நேர்வதும் உண்டு. தொடர்பு எண்ணில் "பெண் உறுப்பினர் யாராவது பேச முடியுமா" என்று கேளுங்கள். வேறு ஊரிலிருந்தாவது ஒருவரைப் பேச வைப்பார்கள். பெண்களுக்கான தனிக் கூட்டங்கள் இணையவழியில் கிடைக்கின்றன. புதிதாக வரும் பெண்ணிடம் உதவி என்ற பெயரில் அதிகம் நெருங்கும் ஆண் எங்கும் இருக்கலாம். செல்போன் எண்ணைப் பெண்களிடம் மட்டும் பகிர்வது, யாரோடும் தனியாக வண்டியில் ஏறாமல் இருப்பது, சங்கடமாக இருந்தால் கூட்டம் நடத்துபவரிடம் அன்றே சொல்லிவிடுவது: இந்த மூன்றும் போதும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

அவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம். குடும்பத்தினருக்கென்றே 1951-ல் தொடங்கிய அல்-அனான் கூட்டங்கள் தனியாக நடக்கின்றன, ஏ.ஏ. தொடர்பு எண்ணிலேயே விவரம் கிடைக்கும். அவரைத் திருத்தும் வித்தையை அங்கே கற்றுத் தர மாட்டார்கள். ஆபீசுக்கு போன் செய்து "அவருக்குக் காய்ச்சல்" என்று சொல்வது, பார் கடனை அடைப்பது, சட்டைப் பையைத் துழாவுவது போன்ற நம் பங்கை எப்படி நிறுத்துவது என்பதைக் கற்றுத் தருவார்கள். அந்தப் பங்கு நின்றபோது தானாகக் கிளம்பிக் கூட்டத்துக்கு வந்தவர்கள் உண்டு.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யாதீர்கள்: சாம்பாரில் கலந்து கொடுக்கும் பொடியோ மாத்திரையோ. அப்படிக் கொடுக்கப்படுபவற்றில் ஒன்றான டைசல்ஃபிரம், குடித்தால் உடம்பு ஏற்காதபடி செய்யும் மருந்து. நோயாளி அறிந்து, டாக்டர் கண்காணிப்பில் எடுத்தால் அது பயன்படும். தெரியாமல் உள்ளே போயிருக்கும்போது அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து, இதயம் தடுமாறி, உயிரே போகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரைகூட இந்த ஆபத்து இருக்கிறது. உயிர் பிழைத்து விஷயம் தெரிய வந்தால், அந்த வீட்டுச் சோற்றின் மீதே அவருக்கு நம்பிக்கை போய்விடும்.

மறுபடி குடித்துவிட்டால்

கல்யாண வீடு, இழவு வீடு, பொங்கல் விடுமுறை, ஊர்த் திருவிழா, பழைய நண்பனின் போன். சறுக்கல் பெரும்பாலும் இவற்றில் ஒன்றில் நடக்கிறது. அதற்கு இரண்டு வாரம் முன்பே கூட்டத்துக்குப் போவதை நிறுத்தியிருப்பார், அதுதான் அடையாளம். இரண்டு கூட்டம் தொடர்ந்து தவறினால் ஸ்பான்சரே போன் செய்ய வேண்டும் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நடந்துவிட்டது என்றால், அடுத்த நாளே கூட்டத்துக்குப் போய் "இன்னிக்கு எனக்கு முதல் நாள்" என்று சொல்லுங்கள். ஆறு மாதக் கணக்கு போய்விட்டதே என்ற வெட்கம்தான் ஒரு நாள் சறுக்கலை மூன்று மாதக் குடியாக மாற்றுகிறது. ஒரு நாளைக்கு மேல், மூன்று நான்கு நாள் தொடர்ந்து குடித்திருந்தால் மட்டும் வரிசையை மாற்றுங்கள்: முதலில் டாக்டர், பிறகு கூட்டம். விட்டுவிட்டு மறுபடி தொடர்ந்து குடித்து நிறுத்தும் ஒவ்வொரு முறையும் நடுக்கமும் வலிப்பும் முன்பைவிடக் கடுமையாக வரலாம். டாக்டரிடம் குடித்த அளவைக் குறைத்துச் சொல்லாதீர்கள், மருந்தின் அளவை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார். ஸ்பான்சருக்கு மருத்துவமனையிலிருந்தே தகவல் சொல்லிவிடுங்கள். அனுமதித்தால் வார்டுக்கே வந்து பார்ப்பார்.